ஒரே குற்றம், மூன்று நியாயஸ்தலங்கள்

கைப்பேசியின் முகப்பிலே, வாங்கியவர் கேளாமலேயே கூகுளின் தேடுபெட்டி வந்து அமர்ந்திருக்கும் விஷயத்தை ஐரோப்பிய ஆணையம் 2018-இலும், இந்தியப் போட்டி ஆணையம் 2022-இலும், அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024-இலும் தத்தம் சட்டப்படி ஆராய்ந்து, அந்நிறுவனம் தன் பலத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிரயோகித்தது என்ற ஒரே முடிவுக்கு வந்தனர்.

பரிகாரத்திலேதான் பேதம். ஐரோப்பா 434 கோடி யூரோ அபராதம் விதித்ததோடு (பின்னர் நீதிமன்றம் அதைச் சற்றே குறைத்தது) அமையாமல், குற்றம் நிகழ்ந்தபின் விசாரிப்பதினும் நிகழுமுன் தடுப்பதே உத்தமம் என்று டிஜிட்டல் சந்தைச் சட்டத்தை இயற்றி, 2024 மார்ச் முதல் பெருநிறுவனங்களை அதற்குக் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவிலோ 2020-இல் தொடுத்த வழக்குக்கு 2025 செப்டம்பரில்தான் பரிகாரத் தீர்ப்பு வந்தது. குரோம் உலாவியை விற்கச் செய்யவேண்டும் என்ற அரசின் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. இங்கே 1,337.76 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊர்ஜிதம் செய்தும், ஆணையத்தின் கட்டளைகளுள் நான்கை ரத்து செய்துவிட்டது.

அபராதம் எத்துணைப் பெரிதாயினும், வழக்கு நடக்கும் ஆண்டுகளிலே மூலதனமற்றுச் சாய்ந்துபோன சிறு போட்டியாளனை அது மீண்டும் எழுப்பாது. ஆகையால் ஐரோப்பாவின் மார்க்கமே நமக்கு ஏற்றது என்பது என் திடமான அபிப்பிராயம். அம்மார்க்கத்தையே ஒட்டி 2024 மார்ச்சில் இங்கே வெளியான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவைக் கிடப்பில் போடாமல், குறைகளைத் திருத்தி, நாடாளுமன்றத்தின் முன் வைக்க மத்திய அரசு முன்வரவேண்டும்.