தேடும்போது கோல்ஃப் பந்தில் கால் பட்டால் அபராதமா? 0, 1, 2 கணக்கு இதுதான்

முழங்கால் உயரப் புல். அதுக்குள்ள எங்கேயோ உங்க கோல்ஃப் பந்து. தேடிக்கிட்டே நடக்கும்போது ஷூவில் ஏதோ தட்டுது. குனிஞ்சு பார்த்தா, உங்க பந்தேதான். நகர்ந்துடுச்சு. அபராதம் உண்டா?

2018 வரை கேட்டிருந்தால், பெரும்பாலும் 'ஆமாம், 1 ஸ்ட்ரோக்'. 2019 ஜனவரியில் புதிய விதிகள் வந்த பிறகு, 'இல்லை'.

ஒரு ஸ்ட்ரோக்தானே என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 72 குழிகள் ஆடி முடித்த அதிதி அசோக், பதக்கத்தைத் தவறவிட்டது ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில்தான்.

பழைய விதியில் என்ன சிக்கல்?

உங்க பந்தை உடன் ஆடுபவர் தேடும்போது மிதித்தால் யாருக்கும் அபராதம் இல்லை. நீங்களோ உங்க கேடியோ மிதித்தால் அபராதம். அதாவது, அக்கறையாகத் தேடுபவருக்குத்தான் ஆபத்து. ஒதுங்கி நிற்பவருக்கு லாபம். விதி 7.4 இதைத்தான் மாற்றியது.

இப்போ என்ன செய்யணும்?

பந்தைப் பழைய இடத்திலேயே திரும்ப வைக்கணும். சரியான இடம் தெரியலைன்னா உத்தேசமாக. புல்லுக்கு அடியில் இருந்திருந்தால், அடியிலேயே. வசதியாக மேலே தூக்கி வைக்கக் கூடாது. தேட உங்களுக்கு இருப்பது 3 நிமிடம். முன்பு அது 5.

சலுகை எங்கே முடியுது?

'தேடும்போது' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கு. பந்து இன்னும் தூரத்தில் கிடக்கிறது என்று நினைத்து நடந்து போகிறீர்கள். வழியிலேயே அது காலில் படுகிறது. இன்னும் தேடவே ஆரம்பிக்கவில்லை என்பதால் 1 ஸ்ட்ரோக்.

கண்டுபிடித்த பிறகு விதி இன்னும் கறார். 2025 ஜூலை, போர்ட்ரஷில் நடந்த ஓப்பன் தொடரின் 2ஆம் சுற்று. 12ஆவது குழியில் ஷேன் லோரி ஒத்திகையாக மட்டையை வீசியபோது, புல்லில் கிடந்த பந்து லேசாக அசைந்தது. அவர் கவனிக்கவில்லை, அப்படியே அடித்துவிட்டார். வீடியோ காட்டிக்கொடுத்தது. அசைத்ததை உணர்ந்து திரும்ப வைத்திருந்தால் 1 ஸ்ட்ரோக்கோடு முடிந்திருக்கும். தவறான இடத்திலிருந்து ஆடியதால் 2. அவருடைய 70, 72 ஆனது.

சுருக்கமா சொன்னா

தேடும்போது தற்செயலாக நகர்ந்தால்: 0
தேடல் தொடங்கும் முன்போ, கண்டுபிடித்த பிறகோ நீங்க நகர்த்தி, திரும்ப வைத்தால்: பொதுவாக 1 (கிரீனில் தற்செயலாக என்றால் 0)
திரும்ப வைக்காமல் அடித்தால்: 2

கடைசி வரி தேடும்போது நகர்ந்த பந்துக்கும் பொருந்தும். கால் பட்டது மன்னிக்கப்படும். திரும்ப வைக்காதது மன்னிக்கப்படாது. அந்தப் புல்லுக்குள் நடுவர் யாரும் இல்லாதபோதும், பந்து அசைந்ததைச் சொல்ல வேண்டியவர் நீங்கதான்.