சுட்டவர் வீரர், காட்டைக் கலைத்தவர் யார்?

1970-இல் புலி வேட்டைக்குத் தடை வரும்வரை, ஷிகார் கம்பெனிகள் வெளிநாட்டுப் பணக்காரர்களை இந்தியக் காடுகளுக்கு அழைத்துவந்தன. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வந்தவருக்குச் சொன்ன நாளுக்குள் ஒரு புலி விழ வேண்டும். அதற்காகத் தடம் பார்த்தவர்கள், எருமைக்கன்றைக் கட்டியவர்கள், தகரம் தட்டியபடி புதருக்குள் நடந்தவர்கள் எல்லாம் பழங்குடிகளும் ஏழைக் கிராமத்தாரும்தான். புலி திரும்பிப் பாய்ந்தால் அகப்படுவதும் அவர்களே. பரண்மேல் உட்கார்ந்து சுட்டவருக்குத் தோல், புகைப்படம், வீரப் பட்டம்.

இந்த மனப்பான்மை மாறவில்லை. 2015-இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தைக் கொல்லச் சுமார் 50,000 டாலர் கொடுத்த அமெரிக்கப் பல் மருத்துவர், வழிகாட்டிகளை நம்பியதாகச் சொன்னார். வழக்கு வழிகாட்டி மேல்தான் போடப்பட்டது.

இங்கே 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேவையான சட்டம்தான். ஆனால் ஷிகார் போனவர் கௌரவமாக ஓய்வு பெற்றார். வயிற்றுக்காகக் கௌதாரி பிடித்த நரிக்குறவர் குற்றவாளி ஆனார். கோவிலூர், காரைக்குடி வட்டாரத்தில் அவர் பாசிமணி விற்பதைத் தினமும் பார்க்கிறோம். அவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை ஆனது.

வேட்டையை எதிர்ப்போம். ஒரே துப்பாக்கியை ஒருவர் கையில் வீரமாகவும் இன்னொருவர் கையில் இழிதொழிலாகவும் காட்டும் சாதிப் பார்வையையும் சேர்த்தே எதிர்ப்போம்.