பொம்மையில் பாஸ் ஆனால் போதுமா? புராஸ்டேட் பரிசோதனையும் டாக்டர் படிப்பும்

ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது, சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. 60 வயதைத் தாண்டிய அப்பாக்கள் பலர் இதை வீட்டில் வாய் திறந்து சொல்வதே இல்லை. ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனால், 'பி.எஸ்.ஏ' ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு கிடைக்கும். இன்னொரு சோதனையும் இருக்கிறது. அதற்கு மெஷின் வேண்டாம். ஒரு கையுறை, கொஞ்சம் ஜெல், டாக்டரின் ஆள்காட்டி விரல் போதும்.

அந்தச் சோதனையை ஒரு டாக்டர் ஒழுங்காகச் செய்வார் என்று மருத்துவக் கல்லூரி எதை வைத்து முடிவு செய்கிறது?

விரலுக்கு என்ன தெரியும்?

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. ஆசனவாய் வழியாக விரலை விட்டால் அதன் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம். புராஸ்டேட் புற்றுநோய்களில் சுமார் 70% உருவாகும் வெளிப்பகுதி பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, கட்டைவிரலின் அடியில் இருக்கும் மேட்டைத் தொட்டுப் பாருங்கள். நலமான புராஸ்டேட் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். இப்போது விரல் முட்டியைத் தொடுங்கள். அந்தக் கடினம் தட்டுப்பட்டால் புற்றுநோய் சந்தேகம் வரும். வழவழப்பாகப் பெரிதாகியிருந்தால் வயதால் வரும் வீக்கமாக இருக்கலாம். தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

ஸ்கேன் இருக்கே, இது எதுக்கு?

நியாயமான கேள்விதான். ஜெர்மனியில் 45 வயது ஆண்களிடம் நடந்த 'புரோபேஸ்' ஆய்வில், அறிகுறியே இல்லாதவர்களிடம் புற்றுநோயைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை பெரிதாக உதவவில்லை.

ஆனால் அறிகுறியோடு வருபவரின் கதை வேறு. சிறுநீர் அடைத்துக்கொண்டு வருபவர், மலத்தில் ரத்தம் போகிறவர், முதுகுத்தண்டில் அடிபட்டு வருபவர் என இவர்களிடம் விரல் சொல்லும் தகவல் இன்றும் முக்கியம். பி.எஸ்.ஏ அளவு தொற்றாலும் சாதாரண வீக்கத்தாலும்கூட ஏறும். அளவு நார்மல் என்பதால் புற்றுநோய் இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

பாடத்திட்டம் எங்கே நிற்கிறது?

மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தவர் ஜார்ஜ் மில்லர் (1990): தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், நிஜத்தில் செய்வார். இந்தியாவில் 2019-இல் அமலுக்கு வந்த எம்.பி.பி.எஸ் பாடத்திட்டமும் இதே படிகளைப் பயன்படுத்துகிறது. அதன்படி, மாணவர் புராஸ்டேட் பரிசோதனையை ஒரு பொம்மையிலோ அதற்கு இணையானதிலோ செய்து காட்ட வேண்டும். அதாவது, மூன்றாவது படி.

இது நல்ல தொடக்கம். ஒரே நோயாளியிடம் பத்து மாணவர்கள் வரிசையில் நிற்பது கொடுமை. ஆனால் பொம்மை கூச்சப்படாது. "வலிக்குது தம்பி" என்று சொல்லாது. வார்டில் படுத்திருக்கும் பெரியவர் சொல்வார். அந்த நான்காவது படியில் ஹவுஸ் சர்ஜன் எப்படிச் செய்கிறார் என்பதை லாக் புக்கில் விழும் ஒரு கையெழுத்து சொல்லிவிடாது.

எக்ஸாமினர் பார்க்க முடியாதது

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் குழு அறிமுகப்படுத்திய 'ஆஸ்கி' தேர்வு முறையில், எக்ஸாமினர் ஒரு செக்லிஸ்ட்டை வைத்து மார்க் போடுவார். அனுமதி கேட்டாரா, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாரா, ஜெல் தடவினாரா என்று எல்லாவற்றுக்கும் டிக் போடலாம். ஆனால் விரல் நுனி எதைத் தொட்டது என்று வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. எதையும் உணராமலேயே "கட்டி எதுவும் இல்லை சார்" என்று மாணவர் சொல்லிவிடலாம்.

அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் கார்லா பியூ, பொம்மைகளுக்குள் சென்சார் வைத்து இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். 2015-இல் வெளியான அவரது குழுவின் மார்பகப் பரிசோதனை ஆய்வில், பணியில் இருக்கும் டாக்டர்களிலேயே சிலர் போதிய அழுத்தம் கொடுக்காமல் ஆழத்தில் இருக்கும் கட்டியைத் தவறவிடக்கூடும் என்று தெரிந்தது. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

என்ன மாற வேண்டும்?

முதலில், பரிசோதனை செய்த விதத்துக்கு மட்டுமல்ல, கண்டுபிடித்ததற்கும் மார்க் வேண்டும். நலமானது, வீங்கியது, கட்டியுள்ளது என மாற்றி மாற்றிப் பொருத்திய பொம்மைகளைக் கொடுத்து, எது எது என்று எழுதச் சொல்லலாம். இதற்குச் சென்சார்கூட வேண்டாம்.

அடுத்தது, ஹவுஸ் சர்ஜன் காலத்தில் நேரடி மதிப்பீடு. பரிசோதனை தேவைப்படும் நோயாளி சம்மதித்தால், பயிற்சி மருத்துவர் பார்த்துத் தன் முடிவை முதலில் எழுதட்டும். பிறகு சீனியர் பார்த்து ஒப்பிடட்டும். இரண்டும் எத்தனை முறை ஒத்துப்போகிறது என்பதுதான் உண்மையான ரிசல்ட்.

மூன்றாவது, சம்மதம் கேட்காவிட்டால் மற்ற எதிலும் முழு மார்க் எடுத்தாலும் ஃபெயில். மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் மாணவர்கள் இப்படிப்பட்ட பரிசோதனை செய்வதற்கு முன் தனியாகச் சம்மதம் பெற வேண்டும் என்று அமெரிக்க அரசு 2024 ஏப்ரலில் மருத்துவமனைகளுக்குத் தெளிவாகச் சொன்னது. அப்பட்டியலில் புராஸ்டேட் பரிசோதனையும் இருக்கிறது.

இதற்கெல்லாம் பேராசிரியர்களின் நேரம் போகும் என்பது உண்மைதான். ஆனால் பல மாதம் தயங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருவருக்கு, அந்த விரல் தவறவிடும் கட்டியின் விலை அதைவிடப் பெரியது.