நின்று உழைக்கும் கால்கள்



எர்ணாவூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பணி செய்து வருகிறார். காலையில் சென்றால் இரவுதான் வீடு திரும்புவார். சில மாதங்களுக்கு முன் கணுக்காலில் ஆறாத புண்ணுடன் மருத்துவரிடம் சென்றார். பல ஆண்டுகளாக அவர் காலில் நீலநிறத்தில் குழாய்கள் புடைத்திருந்ததை வீட்டார் அப்போதுதான் அறிந்தனர். "காலைக் காட்ட வெட்கமாக இருந்தது" என்று என் இல்லாளிடம் கூறினாராம்.

'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று இதனை நாம் சொல்லுகிறோம். மருத்துவர்கள் வேரிகோஸ் வெயின் என்பர். பெயரில் நரம்பு இருப்பினும் இது இரத்தக் குழாயில் வரும் நோயாகும். காலிலுள்ள இரத்தத்தை இதயத்திற்கு மேலேற்றும் குழாய்கள் சிரைகள் எனப்படும். மேலேறிய இரத்தம் மீண்டும் கீழிறங்காமல் தடுக்க அவற்றினுள் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் உள்ளன. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்பவருக்கு அவ்வுதவி கிடைப்பதில்லை. இரத்தம் தேங்குகிறது, வால்வுகள் தளர்கின்றன, சிரைகள் புடைத்து நெளிகின்றன.

செவிலியர், ஆசிரியர், சமையற்காரர், காவலாளி, கடைப் பணியாளர் முதலானோர் இதற்கு ஆளாகின்றனர். குடும்பவழி, பேறுகாலம், உடற்பருமன் ஆகியவையும் காரணங்களாம். டென்மார்க் நாட்டில் 12 ஆண்டுகள் உழைப்பாளரைக் கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், பணிநேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழிப்போர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவரை விட மிகுதி எனத் தெரியவந்தது.

மாலையில் கால் கனத்தல், கணுக்கால் வீங்குதல், அரிப்பு, தோல் கருத்தல் ஆகியன முன்னறிகுறிகள். இந்நிலையிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவத் தேவைக்காகக் காலைக் காட்டுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை. பெண் மருத்துவர் கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில் அதன் பொருட்டு நாள் கடத்தாதீர்கள். டாப்ளர் ஸ்கேன் மூலம் பழுதடைந்த சிரையைக் கண்டறிந்து, லேசர் முறையிலோ அறுவை முறையிலோ சரி செய்ய இன்று வழியுண்டு.

பணியிடையே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். நாலடி நடந்து வாருங்கள். வீடு திரும்பியதும் கால்மணி நேரம் படுத்து, கால்களைத் தலையணைமீது உயர்த்தி வையுங்கள். இறுக்கமான மருத்துவக் காலுறையை மருத்துவர் சொல்லும் அளவில் அணியுங்கள். நீரிழிவு உள்ளோர் கேளாமல் அணியலாகாது. புடைத்த சிரை வெடித்து இரத்தம் வந்தால் உடனே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்து மருத்துவ உதவியை நாடுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி, கடை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு சொல். நின்று வேலை செய்வோர்க்கு அமர வசதி வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கூறியது. கடைப் பணியாளரோ நெடுங்காலம் காத்திருந்தனர். கோழிக்கோட்டில் பி. விஜி என்னும் தையற்பெண்ணும் அவருடைய தோழியரும் அமரும் உரிமைக்காகப் போராடினர். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திற்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டு, பணியாளர் அனைவருக்கும் இருக்கை தரவேண்டும் என விதிக்கப்பட்டது.

ஆயினும் நம் பெண்மணியின் கடையில் இருக்கை ஒரு மூலையில் கிடக்கிறதாம். அதில் அமர்ந்தால் மேலாளர் முறைக்கிறாராம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்று மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இறைவன் முன் அமர அனுமதி பெற்றவர், வாடிக்கையாளர் இல்லாத வேளையில் நம் கடையில் அமரக்கூடாதா? இருக்கையைப் போட்டால் மட்டும் போதாது. "உட்காரம்மா" என்று முதலாளியே வாய்திறந்து சொல்லவேண்டும்.

இல்லத்தாரே, இன்றிரவு உங்கள் வீட்டில் நின்று உழைத்துத் திரும்பும் தாயையோ மகளையோ தமக்கையையோ அமரச் செய்து, கால் வலிக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.