விருந்தாளிக்கு அனுமதி, குடிமகனுக்குத் தடை: பாகிஸ்தானில் ஹுபாரா வேட்டை

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் பிறந்தால் வளைகுடா நாடுகளில் இருந்து பாகிஸ்தானுக்கு சில விசேஷ விமானங்கள் கிளம்பும். அவற்றில் அரச குடும்பத்தினர் மட்டும் வருவதில்லை. கூடாரங்களும், பாலைவனத்தில் ஓடும் ஜீப்புகளும், சமையல்காரர்களும் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடுவார்கள். கண் மூடப்பட்ட ராஜாளிகளும் வரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேட்டை ராஜாளிகளுக்குத் தனி பாஸ்போர்ட்டே உண்டு. துபாயிலும் தோஹாவிலும் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிந்த சங்கதிதான்.

இத்தனையும் ஹுபாரா என்ற ஒரே ஒரு பறவைக்காக. பாகிஸ்தானியர் இதைத் தலூர் என்பார்கள். கோழியைவிடக் கொஞ்சம் பெரியது, மண் நிறம், தரையில் முட்டையிடும். நம் நாட்டுக் கானமயிலுக்கு உறவு. மத்திய ஆசியாவில் கடுங்குளிர் தொடங்கியதும் பலூசிஸ்தான், சிந்து, தெற்கு பஞ்சாப் பகுதிகளுக்கு வலசை வரும். ராஜாளி பாய்ந்தால் பசைபோன்ற எச்சத்தை அதன்மேல் பீய்ச்சித் தப்பப் பார்க்கும். இப்படிப் போராடும் இரை என்பதால்தான் வேட்டைக்காரர்களுக்கு இதன்மேல் இத்தனை மோகம். இதன் இறைச்சி ஆண்மைக்கு நல்லது என்ற பேச்சும் உண்டு. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றிருக்கிறது.

வேட்டையே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பழக்கப்படுத்திய வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்பதற்கு அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனமே ஆதாரம். ராஜாளி வளர்ப்பு அரபு பாலைவன மக்களின் பழைய வாழ்க்கை முறை. யுனெஸ்கோவும் 2010இல் அதை மனிதகுலப் பாரம்பரியமாக ஏற்றது. அதே மார்க்கம்தான் இஹ்ராமில் இருப்பவருக்கு வேட்டையைத் தடுக்கிறது. காரணமின்றி ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றாலும் மறுமையில் கேள்வி உண்டு என்ற பொருளில் நபிமொழி அறிவிப்பும் நஸாயீயில் இருக்கிறது. அனுமதியும் வரம்பும் சேர்ந்தே வந்திருக்கின்றன. பாகிஸ்தானில் நடப்பதில் அந்த வரம்பு எங்கே போனது என்பதுதான் நம் கேள்வி.

இந்தப் பயணங்கள் எப்படித் திட்டமிடப்படுகின்றன என்று பாருங்கள். பாகிஸ்தான் குடிமகன் யாரும் ஹுபாராவை வேட்டையாடக் கூடாது, சட்டப்படி அது குற்றம். ஆனால் வளைகுடா ஆட்சியாளர்களுக்கும் அவர்களின் உறவினர்களுக்கும் சிறப்பு அனுமதி உண்டு. அதை வழங்குவது வனத்துறை அல்ல, வெளியுறவு அமைச்சகம்! இந்த மாவட்டம் இன்ன இளவரசருக்கு, அந்த மாவட்டம் இன்ன ஷேக்குக்கு என்று நிலப்பரப்பைப் பிரித்து ஒதுக்குகிறார்கள். ஒரு அனுமதிக்கு 10 நாள், 100 பறவை என்பது விதி. சில ஆண்டுகளாக அதற்கு ஒரு லட்சம் டாலர் கட்டணமும் வைத்திருக்கிறார்கள்.

விதி காகிதத்தில் இருக்கிறது. 2014 ஜனவரியில் பலூசிஸ்தானின் சாகாய் மாவட்டத்தில் சவூதியின் தபூக் மாகாண ஆளுநர் இளவரசர் ஃபஹத் பின் சுல்தான் முகாமிட்டிருந்தார். 21 நாட்களில் அவர் மட்டும் 1,977 பறவைகளையும், உடன் வந்தவர்கள் 123 பறவைகளையும் வேட்டையாடியதாக அப்பகுதி வன அதிகாரியின் அறிக்கை சொன்னது. மொத்தம் 2,100. பத்திரிகைகளில் அது வெளியானதும் நாடே கொந்தளித்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஆகஸ்டில் ஹுபாரா வேட்டைக்கு முழுத் தடை வந்தது. தடையை நீக்கக் கோரி அரசே திரும்ப நீதிமன்றம் ஏறியது. வளைகுடா நாடுகளுடனான உறவுக்கு இந்த வேட்டை ஒரு தூண் என்பதுதான் அதன் வாதம். ஒரு பறவையின் கழுத்தில் தொங்கும் வெளியுறவுக் கொள்கை எவ்வளவு உறுதியானதோ! 2016 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் தடையை நீக்கியது. முதல் தீர்ப்பை வழங்கியவர்களில் ஒருவரான நீதிபதி காஜி ஃபாயிஸ் ஈசா மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார்.

அரசின் வாதத்தில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ரஹீம் யார் கான் நகரில் ஷேக் ஸாயித் பெயரில் விமான நிலையமும் மருத்துவமனையும் இருக்கின்றன. வேட்டைக் காலத்தில் வழிகாட்டிகளாகவும் ஓட்டுநர்களாகவும் காவலர்களாகவும் கிராமத்து ஆட்களுக்குச் சில மாதக் கூலி கிடைக்கிறது. வறண்ட பூமியில் வாழும் ஏழைக்கு அது பெரிய தொகைதான். எனவே அங்குள்ள மக்கள் அனைவரும் இதை எதிர்க்கிறார்கள் என்று எழுதினால் அது நேர்மையாகாது.

ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் எதுவரை போகும் என்பதற்கு ஷம்சி விமானத் தளமே சாட்சி. பலூசிஸ்தானில் உள்ள இந்த ஓடுதளம் 1992 முதல் வேட்டைக்காக அமீரகத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. ஆப்கான் போர் தொடங்கியபின் அதே தளத்தை அமெரிக்கா பயன்படுத்தியது, ட்ரோன்கள் அங்கிருந்து பறந்தன. 2011 நவம்பரில் சலாலா சோதனைச்சாவடியில் நேட்டோ தாக்குதலில் பாகிஸ்தான் ராணுவத்தினர் கொல்லப்பட்ட பிறகே, டிசம்பரில் அமெரிக்கர்கள் வெளியேறினார்கள். தளம் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று நாடாளுமன்றத்திலேயே விமானப்படை சொல்ல வேண்டிய நிலை அதற்கு முன்பே வந்திருந்தது.

கிராமத்தில் எதிர்த்துக் கேட்டவருக்கு என்ன நேரும்? 2021 நவம்பரில் கராச்சியின் மாலிர் பகுதியில் ஒரு இளைஞர் தன் ஊரில் தலூர் வேட்டையாட வந்த வெளிநாட்டினரைத் தடுத்துக் கேட்டார். அதைக் கைபேசியில் படம் பிடித்து வெளியிட்டார். அடுத்த நாள் ஆளுங்கட்சி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பண்ணை வீட்டில் அவர் அடித்துக் கொல்லப்பட்ட நிலையில் கிடந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய மனைவி, குற்றம் சாட்டப்பட்டவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். மன்னிப்பு மார்க்கம் தந்த பெரிய வாசல். ஆனால் பலமுள்ளவர் எதிரே, கைக்குழந்தைகளோடு தனித்து நிற்கும் ஒரு பெண்ணின் மன்னிப்பு எந்தச் சூழ்நிலையில் எழுதப்படுகிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வேட்டைக்குப் போனவர்களும் எப்போதும் பாதுகாப்பாகத் திரும்பவில்லை. 2015 டிசம்பரில் கத்தார் அரச குடும்பத்தினர் அடங்கிய குழு ஒன்று இதே ஹுபாராவைத் தேடி தெற்கு ஈராக்கின் பாலைவனத்துக்குப் போனது. ஆயுதக் கும்பல் கடத்திச் சென்றது. 2017 ஏப்ரலில்தான் விடுதலை கிடைத்தது. அதுவும் சிரியாவில் முற்றுகையிடப்பட்ட ஊர்களில் இருந்து மக்களை வெளியேற்றும் ஏற்பாட்டோடு பிணைந்து நடந்தது. பெட்டிகளில் வந்த பல கோடி டாலரைப் பறிமுதல் செய்ததாக அப்போதைய ஈராக் பிரதமர் ஹைதர் அல்அபாதி சொன்னார். கும்பல்களுக்குப் பணம் தரவில்லை என்று கத்தார் மறுத்தது. ஒரு குளிர்கால வேட்டைப் பயணம் சிரியப் போரின் பேரத்துக்குள் போய் விழுந்தது.

நம் நாட்டிலும் இது நடக்கப் பார்த்தது. ஹுபாரா ராஜஸ்தானின் மேற்குப் பாலைவனத்துக்கும் வரும். 1970களின் இறுதியில் சவூதி இளவரசர் ஒருவர் ராஜாளிகளோடு ஜெய்சல்மேர் வந்தபோது ஜெய்ப்பூரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள், வேட்டை நின்றது.

சரி, வளைகுடாவினர் இந்தப் பறவையைக் காக்க எதுவுமே செய்யவில்லையா? செய்கிறார்கள். அபுதாபியில் ஹுபாராவுக்கென்றே சர்வதேச நிதியம் இருக்கிறது. அமீரகத்திலும் மொராக்கோவிலும் பண்ணைகளில் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டில் விடுகிறார்கள். பாகிஸ்தானிலும் விட்டிருக்கிறார்கள். இந்த அறிவும் பணமும் வேறு யாரிடமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பண்ணையில் வளர்ந்த பறவை காட்டில் பிழைப்பது கடினம். மத்திய ஆசியாவில் இருந்து தானாகப் பறந்து வரும் பறவைக்கு அது ஈடாகுமா என்ற கேள்வியும் ஆய்வாளர்களிடம் இருக்கிறது.

அபுதாபியின் தஃப்ரா பகுதியில் அல்மர்ஸூம் என்ற வேட்டைக் காப்பகம் உள்ளது. பண்ணையில் வளர்த்த ஹுபாராவை அங்கே ராஜாளி விட்டுப் பிடிக்கலாம். பாரம்பரியம்தான் நோக்கம் என்றால் அது சொந்த மண்ணிலேயே கிடைக்கிறது. இருந்தும் பாகிஸ்தானில் எந்த மாவட்டம் யாருக்கு என்ற பட்டியல் இன்னும் இஸ்லாமாபாத்தில்தான் தயாராகிறது. அதில் சாகாயின் மேய்ப்பர்களையும் மாலிரின் விவசாயிகளையும் யாரும் கேட்பதில்லை.