ஜெயிப்பாரா என்கின்ற கேள்வி

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்குகின்றபோதெல்லாம் அரசியல்வாதிகள் பலர் நிற்கலாமா, வேண்டாமா என்று மாதக்கணக்காய் யோசிப்பதும், பத்திரிகைகள் அதைப் பெரிய இரகசியம்போல் எழுதுவதும் வழக்கமாய் இருந்து வருகின்றன. இவர்கள் நிறுத்துப் பார்ப்பது என்ன? பணம் சேருமா, கட்சிப் பெரியவர்கள் கை கொடுப்பார்களா, ஜெயம் கிடைக்குமா என்பவைகளேயாகும். தாம் நிற்பதால் ஜனங்களுக்கு என்ன லாபம் என்கின்ற கேள்வி தராசில் ஏறுவதே அருமை.

இதற்கு மாறாக நிறுத்துப் பார்த்தவர் ஷர்லி சிஸம் அம்மையார். 1924ல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் பிறந்தவர். தகப்பனார் ஆலைத் தொழிலாளி. தாயார் தையல் வேலை செய்தவர். குழந்தைகள் பள்ளியில் உபாத்தியாயினியாயிருந்த அம்மையார், 1968ல் அமெரிக்கப் பிரதிநிதி சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அச்சபைக்குச் சென்ற முதல் கருப்பினப் பெண் அவரே. பட்டணத்தாரின் பிரதிநிதியான அவரை விவசாயக் கமிட்டியில் போட்டார்கள். புதிதாய் வந்தவர் வாய்மூடி இருப்பதுதான் அங்கு மரியாதை. அம்மையாரோ எதிர்த்துப் பேசி வேறு கமிட்டிக்கு மாற்றிக் கொண்டார்.

இத்தகையவர் 1972ல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராவதற்குப் போட்டியிட யோசித்தபோது, கருப்பினத்து ஆண் தலைவர்கள் பலர் ஒதுங்கி நின்றார்கள். பெண்ணுரிமை பேசியவர்களிலும் சிலர் பாதி மனதாகவே இருந்தார்கள். கருப்பராய்ப் பிறந்ததைவிடப் பெண்ணாய்ப் பிறந்ததற்காகவே தாம் அதிகம் இழிவு படுத்தப்பட்டதாக அம்மையார் பல முறை சொல்லியிருக்கின்றார். ஆயினும் 1972 ஜனவரி 25ந் தேதி நிற்பதாக அறிவித்தார். தொலைக்காட்சி விவாதங்களில் இடம் மறுக்கப்பட்டபோது வழக்காடி நேரம் பெற்றார். ஜூலையில் மயாமி கடற்கரை நகரில் கூடிய கட்சி மகாநாட்டில் அவருக்குக் கிடைத்தவை சுமார் 152 ஓட்டுகள். தோற்றார்.

"ஜெயிக்க மாட்டாதவருக்குப் போட்ட ஓட்டு வீண்தானே? வியட்நாம் யுத்தத்தை நடத்தி வந்த நிக்ஸனைத் தோற்கடிப்பதல்லவா முக்கியம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அது கட்சிக்குள் நடந்த போட்டி. முடிவில் நிக்ஸனை எதிர்க்கப் போகிறவர் எப்படியும் ஒருவரே. அன்றியும், இந்த ஜெய ஜோசியம் பலித்த விதத்தையும் பாருங்கள். ஜெயிக்கக் கூடியவர் என்று ஆரம்பத்தில் பெரிய மனிதர்கள் கைகாட்டிய மஸ்கி, நான்கு மாதத்திற்குள் ஓய்ந்து போனார். கடைசியில் கட்சி நிறுத்திய மெக்கவர்ன், நவம்பரில் 50 மாகாணங்களில் 49ல் தோற்றார். அப்படியிருக்க, ஜெயிக்க மாட்டார் என்கின்ற காரணம் அம்மையாருக்கு மாத்திரம் சொல்லப்படுவானேன் என்று கேட்கின்றோம்.

இதுவரை உன்போன்றவர் ஜெயித்ததில்லை, ஆகையால் நீ நிற்காதே. நீ நிற்காததால் இனியும் ஜெயிக்க மாட்டாய் என்பது என்ன நியாயம்? நீந்தக் கற்றுக்கொண்ட பிறகு தண்ணீரில் இறங்கு என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா? இறங்கியவர்கள் இருந்ததால்தான் 2008ல் ஒபாமா என்னும் கருப்பர் அந்த ஸ்தானத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். பெண்கள் விஷயத்திலோ 2016லும் 2024லும் பெரிய கட்சியின் அபேட்சகராகப் பெண் நின்றும், 2024 தேர்தல் முடிய ஒருவரும் ஜெயிக்கவில்லை.

தோற்பதே பெருமை என்று நாம் சொல்ல வரவில்லை. பேர் வாங்குவதற்காக மாத்திரம் நிற்பவர் ஜனங்களின் நேரத்தையும் பணத்தையும் பாழாக்குபவரே. ஆகவே, நிற்க யோசிப்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றேயாகும்: "நான் தோற்றாலும் ஜனங்களுக்கு மிஞ்சுவது என்ன?" ஒன்றுமில்லையென்றால் வீட்டிலிருக்கட்டும். அடுத்து வருகின்றவருக்கு ஒரு வழியாவது மிஞ்சுமென்றால் தாராளமாய் நிற்கட்டும்.

ஓட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்னார் ஜெயிக்க மாட்டார் என்று ஒருவர் வந்து சொன்னால், அவர் ஜெயித்தால் யாருக்கு நஷ்டம் என்று திருப்பிக் கேளுங்கள். வருகின்ற பதிலிலேயே விஷயம் விளங்கிவிடும்.