விபத்து வரைபடத்தில் தோட்டச் சந்திப்புகள் எங்கே?

கூட்டரசுச் சாலைகளில் பயணம் செய்வோருக்கு 'கவாசான் கெமாலாங்கான்' என்ற அறிவிப்புப் பலகை புதிதல்ல. இங்கே அடிக்கடி விபத்து நடக்கிறது, கவனமாகச் செல்லுங்கள் என்கிறது அது. ஆனால் அந்தப் பலகை ஓர் இடத்தில் இருக்க, அதைவிட ஆபத்தானது என்று சுற்றுவட்டார மக்கள் சொல்லும் சந்திப்பில் இல்லாமல் போவது ஏன்? இதற்கான பதிலில் பெரும்பகுதி, போலீஸ் நிலையத்தில் பதிவாகும் விபத்துப் புகார்களில் இருக்கிறது.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் 567,516 சாலை விபத்துகள் பதிவாயின. அவற்றில் 6,167 பேர் உயிரிழந்தனர். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இறங்கிய மரண எண்ணிக்கை, 2022இல் மீண்டும் 6,080ஆக உயர்ந்தது. இறப்போரில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும், அடுக்குமாடி வீட்டிலிருந்து நகர வேலைக்கும் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கும் நம் குடும்பங்களை இந்தக் கணக்கு நேரடியாகத் தொடுகிறது.

2030க்குள் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைப்பது மலேசிய சாலைப் பாதுகாப்புத் திட்டம் 2022-2030இன் இலக்கு. எல்லாச் சாலைகளையும் ஒரே நேரத்தில் சீர்செய்யப் பணம் போதாது. எங்கே முதலில் கை வைப்பது என்று தீர்மானிக்க உதவுவதுதான் விபத்து வரைபடம்.

வரைபடம் உருவாகும் விதம்

விபத்தை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி, 'போல் 27' என்ற படிவத்தில் விவரங்களைப் பதிவு செய்கிறார். சாலையின் பெயர், கிலோமீட்டர் கல், நேரம், வெளிச்சம், வானிலை, வாகன வகை, காயத்தின் அளவு ஆகியவை அதில் இடம்பெறும். மிரோஸ் எனப்படும் மலேசிய சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமும் ஜேகேஆர் எனப்படும் பொதுப்பணித் துறையும் இத்தகைய தரவுகளைக் கொண்டே ஆபத்தான இடங்களைக் கண்டறிகின்றன.

எல்லா விபத்துகளுக்கும் ஒரே மதிப்பு கொடுக்கப்படுவதில்லை. உயிரிழப்புக்கு 6 புள்ளி, கடுங்காயத்திற்கு 3, சிறு காயத்திற்கு 0.8, வாகனச் சேதம் மட்டும் என்றால் 0.2. ஒரு சந்திப்பில் இரண்டு மரணங்கள் நிகழ்ந்திருந்தால் 12 புள்ளி. பேரங்காடி முன்னால் நாற்பது கார்கள் உரசியிருந்தால் 8 புள்ளிதான். ஆக, மரணம் நிகழ்ந்த சந்திப்பு பட்டியலில் முந்துகிறது. இது நியாயமான முறை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மூன்றாவது சந்திப்பு ஒன்றில் ஐந்து மோட்டார் சைக்கிளோட்டிகள் கை கால் முறிந்து விழுந்திருக்கலாம். கணக்குப்படி அது 15 புள்ளி, மூன்றிலும் அதுவே முதலிடம். அவர்களில் ஒருவரும் புகார் செய்யாவிட்டால் அந்தச் சந்திப்புக்குக் கிடைப்பது பூஜ்யம். வரைபடத்தில் அது பாதுகாப்பான இடமாகவே தெரியும்.

'செட்டில்' பண்ணிவிட்டால்?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, விபத்தில் சம்பந்தப்பட்ட வாகனமோட்டி 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். நடைமுறை வேறாக இருக்கிறது. சாலை ஓரத்திலேயே பேசி 'செட்டில்' செய்துகொள்வது வழக்கமாகிவிட்டது. சம்மன் வருமோ என்ற பயம், காலாவதியான ரோட்டெக்ஸ், லைசென்ஸ் இல்லாத பிள்ளை ஓட்டியது, ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற கவலை எனக் காரணங்கள் பல. செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து வரும் மண் சாலை பெரிய சாலையில் ஏறும் இடத்தில், இருட்டு விலகாத காலை வேளையில் சறுக்கி விழுபவர், எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்.

இதனால் இழப்பு இரண்டு மடங்கு. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் ஏற்படும் விபத்துக்கு சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆனால் பிறகு வலி கூடி மருத்துவமனைக்குப் போகும்போது, விபத்து எங்கே எப்போது நடந்தது என்பதைக் காட்ட போலீஸ் புகார் இல்லாவிட்டால் குடும்பம் அலைய நேரிடும். அதோடு அந்தச் சந்திப்புக்கு விளக்கு கேட்டு மனு கொடுக்கும்போதும் காட்டுவதற்குப் பதிவு இருக்காது.

புகார் செய்தாலும் இடத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இருக்கிறது. உட்சாலைகளில் பெரும்பாலும் இல்லை. 'கோயிலுக்குப் பக்கத்தில்' என்று சொன்னால் உள்ளூர்க்காரருக்குப் புரியும், வரைபடத்துக்குப் புரியாது. பத்து கிலோமீட்டர் நீளமுள்ள சாலையின் பெயர் மட்டும் பதிவானால், எந்த வளைவைச் சீர்செய்வது என்று பொறியாளரால் சொல்ல முடியாது.

விபத்துக்காகக் காத்திருக்காத முறைகள்

புகார்களை மட்டும் நம்பும் வரைபடத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. யாராவது விழுந்த பிறகுதான் அது விழித்துக்கொள்கிறது. இதற்கு மாற்று வழிகள் உள்ளன.

ஐராப் எனும் அனைத்துலகச் சாலை மதிப்பீட்டுத் திட்டம், விபத்து எண்ணிக்கையை விட்டுவிட்டு சாலையின் அமைப்பையே பார்க்கிறது. ஓரத் தடுப்பு, வளைவு, சந்திப்பின் வடிவம் போன்றவற்றை ஆராய்ந்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடுகிறது. இதன் தொடக்கக்காலச் சோதனை நாடுகளில் மலேசியாவும் ஒன்று.

சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014இல் 'சில்வர் சோன்' திட்டத்தைத் தொடங்கியது. முதியோர் சம்பந்தப்பட்ட விபத்துகளோடு, அந்த வட்டாரத்தில் எத்தனை முதியோர் வாழ்கிறார்கள், அவர்கள் அடிக்கடி செல்லும் இடங்கள் அருகில் உள்ளனவா என்பதும் கணக்கில் எடுக்கப்படுகிறது. பிறகு சாலை குறுக்கப்படுகிறது, வேக வரம்பு குறைக்கப்படுகிறது, சாலை நடுவே நின்று இரு கட்டமாகக் கடக்க இடம் அமைக்கப்படுகிறது.

சாலை அமைப்பை மாற்றினால் பலன் கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிள் தனிப்பாதை உலகுக்கே முன்னோடி. அதன் நீட்டிப்பை ஆராய்ந்த பேராசிரியர் ராடின் உமார் குழுவினர், மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 விழுக்காடு குறைந்ததைக் கண்டறிந்தனர்.

யாரிடம் கேட்பது?

தோட்டப்புற மக்கள் அலைக்கழிக்கப்படுவதற்கு, சாலை யாருடையது என்ற குழப்பமும் ஒரு காரணம். கூட்டரசுச் சாலையும் மாநிலச் சாலையும் ஜேகேஆர் பொறுப்பு. வீடமைப்புப் பகுதிச் சாலைகள் பொதுவாக ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் இருப்பது நிறுவனத்தின் சொத்து. தோட்டச் சாலை பெரிய சாலையைத் தொடும் அந்தச் சில அடி தூரத்தில்தான் ஒவ்வொரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டுகிறது.

ஆலய நிர்வாகமோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, குடியிருப்பாளர் சங்கமோ ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தாலே போதும். விபத்து நடந்த தேதி, நேரம், கைப்பேசி காட்டும் இடக்குறி, ஒரு படம், போலீஸ் புகார் எண். ஓராண்டுக் குறிப்பை மனுவோடு இணைத்து ஜேகேஆர் மாவட்ட அலுவலகத்திலும் ஊராட்சி மன்றத்திலும் கொடுத்து, நகலைச் சட்டமன்ற உறுப்பினரிடம் சேர்க்கலாம். 'ரொம்ப ஆபத்தான இடம்' என்ற வாய்வார்த்தையைத் தள்ளிவிடலாம். பன்னிரண்டு புகார் எண்கள் உள்ள தாளை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

அரசாங்கத்தின் கடமையும் குறையவில்லை. எந்த இடங்கள் ஆபத்தானவை எனக் கணக்கிடப்பட்டுள்ளன, எவை எப்போது சீர்செய்யப்படும் என்பதை வட்டார வாரியாக மக்கள் எளிதாகப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தங்கள் சந்திப்பு அந்தப் பட்டியலில் இல்லை என்று தெரிந்தால்தான், அதைச் சேர்க்கச் சொல்லி மக்கள் கேட்க முடியும்.